கடற்காற்றில் துருவேறிய துப்பாக்கி: நீலம் கெடாமல் துடைத்தெடுக்கும் முறை

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்காக மார்ச் மாதம் காவல் நிலையத்தில் ஒப்படைத்த அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி, ஜூன் 4 அன்று முடிவுகள் வெளிவந்த பிறகுதான் கைக்குத் திரும்பியது. கடலூர் முதுநகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். இடது குழலின் மேல் நான்கு விரல் தடம், செம்மண் குழம்பில் நனைத்த கையால் பிடித்ததுபோலப் பதிந்திருந்தது. ஒரு தடத்தில் ரேகைகூடத் தெரிந்தது. என் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தின. உறையில் போடும்போது கடைசியாகப் பிடித்தவன் நான்தான். பங்குனி வெயிலில் கையிலிருந்த வியர்வை உப்பு, இரண்டரை மாதம் அங்கேயே உட்கார்ந்து இரும்பைத் தின்றிருக்கிறது.

அந்தத் தடத்தை எடுக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. துரு போனது, குழலின் கருநீலம் நின்றது. அந்த மூன்று நாள் வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். கெடிலம், தென்பெண்ணைக் கரைகளில் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வைத்திருக்கும் விவசாயிகள், வங்கி வாசலில் 12 போர் (குழல் அளவைக் குறிக்கும் எண்) துப்பாக்கியோடு நிற்கும் காவலர்கள், பாட்டன் காலத்துத் துப்பாக்கியை உரிமத்தோடு காத்து வருபவர்கள் ஆகியோருக்கு இது உதவும். தேவனாம்பட்டினம் முதல் புதுச்சேரி வைத்திக்குப்பம் வரை, கடல் காற்று வீசும் எந்த வீட்டிலும் இந்தத் தொல்லை இருக்கிறது.

சட்டத்தை ஒட்டிய செய்தி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இது உரிமம் உள்ளவர் தன் துப்பாக்கியைத் துடைத்துப் பராமரிப்பதற்கான வழி மட்டுமே. பரணிலோ பழைய பெட்டியிலோ உரிமம் இல்லாத துப்பாக்கி அகப்பட்டால் அதைத் துடைக்க உட்காராதீர்கள், காவல் நிலையத்தில் தெரிவித்து ஒப்படையுங்கள். உரிமதாரர் காலமாகிவிட்டாலும் இதே வழிதான். உரிமம் வாரிசு பெயருக்கு வரும்வரை துப்பாக்கி உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது.

நீலம் என்பது என்ன?

துப்பாக்கிக் கடைக்காரர்கள் புளூயிங் என்று சொல்வதை எங்கள் வீட்டில் அப்பா நீலம் என்பார். இது பெயின்ட் அல்ல, முலாமும் அல்ல. எஃகின் மேற்பரப்பையே வேதிமுறையில் ஆக்சிஜனோடு சேரவைத்து, கறுப்பான ஒரு படலமாக நிறுத்தியிருக்கிறார்கள். சிவப்புத் துருகூட இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாவதுதான். இந்தக் கறுப்பிலும் அதே இரண்டுதான், வேறு விகிதத்தில். வேதியியலில் இதற்கு மேக்னடைட் என்று பெயர். ஆக, துருவும் நீலமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று பொருக்குத் தட்டி உதிரும், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியிலிருக்கும் இரும்பை மேலும் அரிக்கும். மற்றொன்று இரும்போடு ஒட்டிக்கொண்டு, தடவிய எண்ணெயைப் பிடித்து வைக்கும். இந்த நீலத்தின் தடிமன் ஏறத்தாழ 1 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சிவப்புத் துருவைக் கரைக்கும் எந்தத் திரவமும் நீலத்தையும் கரைக்கும், ஏனென்றால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். அமிலத்துக்கு உறவு பார்க்கத் தெரியாது.

என் சித்தப்பா வீட்டில் இது நடந்தது. ஒற்றைக் குழல் துப்பாக்கியின் விசைக் காப்பு வளையத்தில் கொஞ்சம் துரு. குத்துவிளக்கு தேய்ப்பதுபோலப் புளியைக் கரைத்துத் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டார்கள். துரு போய்விட்டது, கூடவே நீலமும் போய்விட்டது. வளையம் வஞ்சிர மீனின் தோல்போலச் சாம்பல் நிறத்தில் வெளுத்து நின்றது. கழுவித் துடைத்து வைத்தும், மூலைகளில் தங்கிய புளிச்சாற்றால் மறுநாளே புதிய துரு கிளம்பிவிட்டது. எலுமிச்சை, வினிகர், கோலா பானம் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். இரும்புக் கடையில் விற்கும் துரு நீக்கித் திரவங்கள் பலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, அவையும் வேண்டாம். அமிலத்தில் ஊறிய வில் பாகங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து வில்லை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கிவிடும். பேட்டரி சார்ஜர் வைத்துச் சோடா நீரில் மின்சாரம் பாய்ச்சும் முறையைத் துருப்பிடித்த அரிவாள், மண்வெட்டிக்குச் செய்யுங்கள், துப்பாக்கிக்குச் செய்யாதீர்கள்.

ஆகவே நமக்கு மிஞ்சுவது ஒரே வழி. எண்ணெயை ஊறவிட்டுத் துருவின் பிடியைத் தளர்த்தி, நீலத்தைவிட மென்மையான பொருளால் அதைச் சுரண்டி எடுப்பது.

என்னென்ன வேண்டும்?

தையல் மெஷின் எண்ணெய் ஒரு குப்பி வாங்குங்கள். இது மெல்லிய தாது எண்ணெய், இடுக்குகளில் இறங்கும், பிசின் கட்டாது. துப்பாக்கிக்கென்றே விற்கும் எண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது. சமையலறை எண்ணெய்கள் வேண்டாம். நல்லெண்ணெய் நாளடைவில் காற்றுப் பட்டுப் பிசுக்காக இறுகும். தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடிக்கும்போது அதிலேயே அமிலம் உண்டாகும், மார்கழிக் குளிரில் உறைந்து விசையையும் மந்தமாக்கும்.

அழுக்கைக் கரைக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்பன்டைன். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்த துணிகள், கஞ்சி போடாதவை. பல் துலக்கும் பிரஷ் ஒன்று. மூங்கில் சீவல்கள். தென்னை ஈர்க்குக் கட்டு ஒன்று, திருகாணித் துளைகளையும் கீல் இடுக்குகளையும் துழாவ இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. தேங்காய் நாரைத் தொடாதீர்கள். நார் பல இடங்களில் உப்பங்கழியில் ஊறவைத்து எடுக்கப்படுவது, அந்த உப்பை நீங்களே குழலில் பூசுவதாக ஆகிவிடும்.

அடுத்து ஸ்டீல் வூல், அதாவது பஞ்சுபோன்ற எஃகு இழை. நான்கு சுழியம் (0000) அச்சிட்ட, இருப்பதிலேயே மென்மையான ரகம் மட்டும். மரப் பாலிஷ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளும் பச்சை நார்ப் பட்டையும் இதற்கு ஈடாகா. பச்சைப் பட்டையில் உரசுதூள் கலந்திருக்கிறது, நான்கு இழுப்பில் நீலம் காணாமல் போகும். உப்புத்தாள் எந்த எண்ணாக இருந்தாலும் மேசைப் பக்கமே வரக் கூடாது.

கடைசியாக, செம்பு அல்லது வெண்கலக் காசு ஒன்று. என்னிடம் இருப்பது 1940களில் புழங்கிய ஓட்டைக் காலணா. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் கிடந்தது. வெண்கலம் நீலத்தைவிட மென்மையானது, நீலத்தைக் கீறாது. ஆனால் எண்ணெயில் ஊறித் தளர்ந்த துருப் பொருக்கைத் தள்ளிவிடும் அளவுக்கு உறுதியானது. மெல்லிய விளிம்பு, நடுவில் துளை, பிடிப்பதற்கு வாகானது. இன்றைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் துருப்பிடிக்காத எஃகு, அவை கீறிவிடும். காசோ பிரஷோ எதுவானாலும் முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளை பிரஷ் என்று விற்கப்படுவதில் சில, பித்தளைப் பூச்சு கொடுத்த இரும்புக் கம்பிதான். காந்தம் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உட்காருவதற்கு முன்

தோட்டாக்களை வேறு அறையில் பூட்டி வையுங்கள். துப்பாக்கியைத் திறந்து இரண்டு தோட்டா அறைகளையும் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பாருங்கள். பார்த்ததை நம்பாமல் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வங்கிக் காவலராக இருந்த எங்கள் தெரு அண்ணன் ஒருவரும் அதையேதான் செய்வார், ஐந்து நிமிடம் எழுந்து போய்விட்டு வந்தால் மறுபடியும் செய்வார். வேலை முடியும்வரை குழல் யாரையும் நோக்கிப் படுக்கக் கூடாது. குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

மண்ணெண்ணெய் இருக்கும் இடத்தில் விளக்கு, அடுப்பு, ஊதுவத்தி ஏதும் வேண்டாம். காற்றோட்டம் வேண்டும், ஆனால் கடல் காற்று நேராக அடிக்கும் மாடியில் செய்யாதீர்கள். மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் தோலைக் காப்பாற்றுவதோடு, புதிதாக வியர்வைத் தடம் விழாமலும் காக்கும்.

எதுவரை கழற்றலாம்? இரட்டைக் குழல் துப்பாக்கியில் முன்கட்டையை (குழலுக்கு அடியில் இருக்கும் மரப் பிடியை) எடுத்து, குழலைக் கீலிலிருந்து இறக்கி, மூன்று துண்டாக வைப்பதோடு நில்லுங்கள். உள்ளே இருக்கும் பூட்டு (சுடவைக்கும் அமைப்பு), வில், குதிரை (சுடும்போது தட்டும் சுத்தி) ஆகியவற்றைத் திறக்காதீர்கள். பழைய துப்பாக்கிகளின் திருகாணி வாய் மிகக் குறுகலானது. நம் வீட்டுத் திருப்புளி அதில் பொருந்தாமல் வழுக்கினால் ஒரு நொடியில் வாய் சிதைந்து, பக்கத்து நீலத்திலும் கோடு விழும். பழுது பார்க்கும் வேலை அரசு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியருடையது.

கட்டையை, அதாவது மரப் பகுதியை, துணியால் சுற்றி எட்ட வையுங்கள். மண்ணெண்ணெயும் எண்ணெயும் மரத்தில் ஊறினால் மரம் கறுத்து மென்மையாகிவிடும்.

முதல் நாள்: அழுக்கு

துருவைத் தொடும் முன் அழுக்கை எடுக்க வேண்டும். பழைய எண்ணெய்ப் பிசுக்கில் மணல் ஒட்டியிருக்கும். அதன்மேல் துணியை வைத்துத் தேய்த்தால் அந்தத் துணியே உப்புத்தாளாகிவிடும். கடலோரத்தில் கண்ணுக்குத் தெரியாத மணல் எல்லாவற்றிலும் இருக்கிறது.

மண்ணெண்ணெயில் பிரஷை நனைத்து, அழுத்தாமல், பிசுக்கு இளகி வடியும்படி துலக்குங்கள். வடிந்ததைத் துணியால் ஒற்றி எடுங்கள், இழுத்துத் தேய்க்காதீர்கள். கீல் வாய், தோட்டா தள்ளியின் அடிப்பகுதி, இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையின் ஓரம் ஆகிய இடங்களில்தான் அழுக்கு அடைந்திருக்கும். ஈர்க்கின் நுனியைக் கொஞ்சம் நசுக்கிவிட்டால் சிறு பிரஷ்போல ஆகும், அதை வைத்துத் துழாவுங்கள். பிறகு உலர்ந்த துணியால் முழுவதும் துடைத்துவிடுங்கள்.

குழலின் உட்புறத்தை எப்போதும் தோட்டா போடும் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கம் நோக்கித் துலக்க வேண்டும். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், அதற்கேற்ற வெண்கலப் பிரஷைத் துப்பாக்கிக் கடையில் கேட்டு வாங்குங்கள். உள்ளே ஈயமும் தோட்டாவின் பிளாஸ்டிக் கோப்பையும் உராய்ந்து ஒட்டியிருக்கும். எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் கழித்து, பத்துப் பதினைந்து முறை பிரஷை விட்டு எடுத்தால் சாம்பல் நிறச் செதில்கள் வரும். ஈயம் நஞ்சு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

கரிமருந்து அடைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வேறு முறை. கரிமருந்தின் எச்சம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் உப்பு. அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் விட்டுக் கழுவி, நன்கு உலர்த்திய பிறகே எண்ணெய்.

இப்போது வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் துரு என்று நினைத்ததில் பாதி, பழுப்பேறிய பழைய எண்ணெயாக இருந்திருக்கும், அது போய்விட்டது. மிஞ்சியிருப்பதே உண்மையான துரு. அதன்மேல் தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, எண்ணெயில் நனைத்த துணியைப் போர்த்தி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். 24 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது.

இரண்டாம் நாள்: துரு

முதலில் வெளியே தெரியாத ஓரிடத்தில், முன்கட்டை மூடும் பகுதியில், எண்ணெய் தொட்ட ஸ்டீல் வூலால் ஐந்து முறை மெல்லத் துடைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியில் பழுப்பு வந்தால் அது துரு. கறுப்பு வந்து, அந்த இடம் வெளிறத் தொடங்கினால் உங்கள் துப்பாக்கியின் நீலம் மிக மெல்லியது என்று பொருள். அப்படியானால் ஸ்டீல் வூலை ஒதுக்கிவிட்டுத் துணியும் காசும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் புள்ளிகளுக்கு எண்ணெய்த் துணியே போதும். விரலில் சுற்றி வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் பத்து நிமிடத்தில் பல புள்ளிகள் போய்விடும்.

போகாத இடத்துக்குக் காசு. என் குழலில் இருந்த விரல் தடத்தில் நான் செய்தது இதுதான். தடத்தின்மேல் மூன்று சொட்டு எண்ணெய் விட்டேன். காலணாவை ஏறக்குறையப் படுக்கவைத்து, விளிம்பு மட்டும் படும்படி, குழலின் நீளவாக்கில் ஒரு அங்குலம் தள்ளினேன். நகத்தால் வடையின் கருகலைச் சுரண்டும் அழுத்தம், அதற்கு மேல் இல்லை. எண்ணெய் செங்காவியாக மாறியது. துணியால் ஒற்றி எடுத்தேன், மறுபடி எண்ணெய் விட்டேன், மறுபடி தள்ளினேன். ஒவ்வொரு தடத்துக்கும் இருபது முப்பது முறை. காது கொடுத்துக் கேட்டால் வேலை எங்கே நிற்கிறது என்று தெரியும். துருவின்மேல் காசு நகரும்போது நறநறவென்று மெல்லிய ஒலி கேட்கும், துரு போனதும் காசு சத்தமில்லாமல் வழுக்கும். ஒலி நின்ற இடத்தில் கையும் நிற்க வேண்டும். சில வேளை காசின் செம்பு நிறம் கோடாக ஒட்டிக்கொள்ளும், பதறாதீர்கள், எண்ணெய்த் துணியால் துடைத்தால் போய்விடும்.

இரண்டாம் நாள் மாலை மோதிர விரல் தடம் மட்டும் பிடிவாதமாக நின்றது. ஸ்டீல் வூலை எடுத்து அழுத்தித் தேய்க்கலாம் என்று கை பரபரத்தது. பார்க்க வந்த அந்த அண்ணன், “தம்பி, இன்று உன் வேலை முடிந்தது. எண்ணெயைத் தடவிவிட்டுத் தூங்கு, அது வேலை செய்யட்டும்” என்று சொல்லித் துப்பாக்கியை நகர்த்தி வைத்துவிட்டார். மறுநாள் காலை அந்தத் தடம் பத்துத் தள்ளலில் வந்துவிட்டது. இந்தக் கடற்கரையில் நான் பார்த்த துப்பாக்கிகளில் துருவால் அழகிழந்தவை குறைவு. துருவை ஒரே மாலையில் எடுத்துவிட நினைத்தவர்களின் கையால் அழகிழந்தவையே அதிகம்.

ஸ்டீல் வூல் தேவைப்படுவது பரவலாக மெல்லிய துரு படர்ந்திருக்கும்போதுதான். எண்ணெயில் நன்கு நனைத்து, விரல் எடை மட்டும் கொடுத்து, ஒரே திசையில். விளிம்புகளிலும் மூலைகளிலும் நீலம் ஏற்கெனவே தேய்ந்திருக்கும், அங்கே கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணும் முத்திரையும் பொறித்த இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. துரு தேய்க்கப் போய் எண் மங்கிவிட்டது என்று உரிமம் புதுப்பிக்கும்போது விளக்கிக்கொண்டு நிற்கும் நிலை யாருக்கும் வேண்டாம். பொறித்த எழுத்துகளுக்குள் இருக்கும் துருவை மூங்கில் சீவலால் மட்டும் எடுங்கள்.

துருவை எடுத்த பின் அடியில் குழி தெரிந்தால், அந்தக் குழி போகாது. அதைச் சமப்படுத்த நினைத்தால் சுற்றிலும் உள்ள எஃகையும் குறைக்க வேண்டியிருக்கும். வெளிப்புறக் குழியை எண்ணெயிட்டு அப்படியே விடுங்கள். தோட்டா அறையிலோ குழலின் உட்புறத்திலோ குழி இருந்தால், கம்மியர் பார்த்துச் சொல்லும்வரை அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடாதீர்கள்.

சிறு பாகங்களுக்குக் கொதிநீர்

இது எனக்கு மிகவும் பிடித்த முறை. சிவப்புத் துருவைக் கொதிக்கும் நீரில் வைத்தால் அது கறுப்பாக மாறும், அதாவது நீலமாகவே மாறும். பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கு இப்படித்தான் நிறம் கொடுத்தார்கள். துருப்பிடிக்க வைத்து, கொதிக்க வைத்து, உதிரும் கரியைத் துடைத்து, மறுபடி துருப்பிடிக்க வைத்து, பல சுற்று செய்து அந்த ஆழ்ந்த கறுப்பை உண்டாக்கினார்கள்.

வீட்டில் இதைத் தோள்வார் மாட்டும் வளையம் போன்ற தனியாக வரும் இரும்புப் பாகங்களுக்கு மட்டும் செய்யலாம். கடலூர்க் கிணற்று நீர் உவர்ப்பு, குழாய் நீரும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பாகத்தை எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். செங்காவி மெல்ல மெல்லக் கருவெல்வெட்டாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இடுக்கியால் எடுத்தால் சூட்டிலேயே உலர்ந்துவிடும். எண்ணெய் நீக்கிய ஸ்டீல் வூலால் மெல்லத் தடவினால் மேலே இருக்கும் கரி உதிரும், அடியில் கறுப்பு நிற்கும். உடனே எண்ணெய். குழலை இப்படிக் கொதிக்க வைக்காதீர்கள். இரண்டு குழலையும் இணைக்கும் பட்டை பற்றவைத்த ஈயத்தில் நிற்கிறது. கொதிநீரில் ஈயம் உருகாது என்றாலும், பழைய பற்றில் எங்காவது இடைவெளி இருந்தால் நீர் உள்ளே புகுந்து, நாம் பார்க்க முடியாத இடத்தில் துருவை வளர்க்கும்.

வெள்ளத்தில் நனைந்தால்

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகி ஊர்களுக்குள் வந்தபோது, உறவினர் ஒருவரின் துப்பாக்கி அலமாரியோடு ஒரு நாள் முழுக்கச் சேற்றுநீரில் கிடந்தது. அவர் செய்த முதல் வேலை எண்ணெய் தடவியது. அது தவறு. சேறும் உப்பும் எண்ணெய்க்கு அடியில் சிக்கிக்கொள்ளும். முதலில் நல்ல தண்ணீரால் சேறு முழுதும் போகக் கழுவ வேண்டும். பிறகு துணியால் ஒற்றி, டபிள்யூ.டி. 40 போன்ற நீர் விரட்டும் திரவத்தை இடுக்குகளில் அடிக்க வேண்டும். அதன் பெயரே நீரை வெளியேற்றுவது என்ற பொருளில் வைத்ததுதான். ஆனால் அது நாள்பட்ட காவலுக்கு ஆகாது. ஈரம் போனதும் துடைத்துவிட்டு உண்மையான எண்ணெய் தடவ வேண்டும். மரக்கட்டையை வெயிலில் வைக்காதீர்கள், வெடித்துவிடும். நிழலில் இரண்டு மூன்று வாரம் மெதுவாக உலரட்டும். நீர் புகுந்த பூட்டைக் கம்மியர் திறந்து பார்த்தாக வேண்டும், இதில் தயங்காதீர்கள்.

நீலம் அல்லாத பூச்சுகள்

நிக்கல் முலாம் பூசிய பாகங்களில் அம்மோனியா கலந்த திரவம் படக் கூடாது. முலாமுக்கு அடியில் பெரும்பாலும் செம்புப் பூச்சு இருக்கும், விரிசல் வழியாக அம்மோனியா இறங்கி அதைக் கரைத்தால் முலாம் உரிந்துவிடும். பழைய துப்பாக்கிகளின் உடற்பகுதியில் நீலமும் பழுப்பும் சாம்பலும் மேகம்போலக் கலந்த நிறம் இருந்தால் அதன்மேல் எண்ணெய்த் துணி தவிர வேறொன்றும் வேண்டாம். நீலத்தைவிட விரைவில் போய்விடும் நிறம் அது. மங்கலான சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு முரடானது, எண்ணெயை நன்றாகக் குடிக்கும், அதற்குப் பிரஷும் எண்ணெயும் போதும். குழலில் பழுப்பு நிற அலை வரிகள் தெரிந்தால் அது இரும்பும் எஃகும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். துடைத்து வையுங்கள், இன்றைய தோட்டாவை அதில் போடாதீர்கள்.

நீலம் ஏற்கெனவே போன இடத்தை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். பஞ்சில் தொட்டுத் தடவும் குளிர் நீலத் திரவங்கள் கிடைக்கின்றன. பலவற்றில் நச்சுள்ள செலினியம் இருக்கிறது. நிறம் ஒட்டாது, சில மாதத்தில் மங்கும், சரியாகத் துடைக்காவிட்டால் அதுவே துருவை வரவழைக்கும். முழுத் துப்பாக்கியையும் மெருகேற்றி மறுபடி நீலம் போடலாம் என்று யாராவது சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள். 140 டிகிரி சூட்டில் காரக் கரைசலில் முக்கும் முறை, இரட்டைக் குழலின் ஈயப் பற்றையே அரித்துவிடும். தேய்ந்து வெளிறிய இடத்தில் எண்ணெய் இருந்தால் போதும். அப்பாவின் கை முப்பது ஆண்டு பிடித்துத் தேய்ந்த இடத்தை நான் ஏன் கறுப்பாக்க வேண்டும்?

மூன்றாம் நாளும் அதற்குப் பிறகும்

துரு போன பரப்பைச் சுத்தமான துணியால் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். துணியில் எண்ணெய் விட்டுத் துடைக்க வேண்டும், குழலில் நேராக ஊற்றக் கூடாது. வழிந்தால் மரத்துக்குப் போகும். மறுநாள் எடுத்துப் பாருங்கள், தப்பிய துரு பழுப்பாகக் கசிந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி காசால் தள்ளுங்கள். கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் தடவுபவர்கள், தடவிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

தோல் உறையிலும் கித்தான் உறையிலும் துப்பாக்கியை நாள்கணக்கில் வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் இருக்கும். உறை, எடுத்துப் போவதற்கு மட்டும். பூட்டிய அலமாரியில் சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள், நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்கலாம். குழல் வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைத்தால் எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக் காலத்தில் வாரம் ஒருமுறை எடுத்துத் துடைக்கிறேன், மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. யார் கை பட்டாலும், தொட்ட உடனே ஒரு துடைப்பு.

தேர்தலுக்கு ஒப்படைக்கும் முன் செய்ய வேண்டியது மட்டும் தனி. முதல் நாள் இரவே துடைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக எண்ணெய் தடவுங்கள், குழலுக்குள்ளும் எண்ணெய்த் துணியை ஒருமுறை இழுத்து எடுங்கள். உள்ளே துணியை அடைத்து வைக்காதீர்கள், மறந்துபோய்ச் சுட்டால் குழல் வெடிக்கும். எண்ணும் மேற்பரப்பின் நிலையும் தெரியும்படி நான்கு படம் எடுத்து வையுங்கள். கையுறையோடு உறையில் போடுங்கள். ஒப்படைக்கும் இடத்தில் பதிவேட்டுக்காக யாராவது எண்ணைப் பார்க்க வெளியே எடுத்தால், பையில் கொண்டுபோன எண்ணெய்த் துணியால் அங்கேயே ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை.